குடலின் வாசல்பக்க ஏற்பி: எந்தச் சிகிச்சைக்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது

பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி, முதல் வரிசைக் கீமோவும் இரண்டாம் வரிசைக் கீமோவும் பலனற்றுப்போன பிறகு நோயாளியின் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு எளிதானதல்ல. கையில் இருக்கும் மாத்திரைகளைத் தொடர்வதா, புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வு ஒன்றில் சேர இடம் தேடுவதா? தேடத் தொடங்குகிறவர்கள் கண்ணில் சீக்கிரமே படும் பெயர் ஜிசிசி. விரித்துச் சொன்னால் குவானைலில் சைக்ளேஸ் சி. குடல் செல்களின் மேல்பரப்பில் இருக்கும் ஓர் ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் செய்தியைப் பிடித்துச் செல்லுக்குள் கடத்தும் புரதம். அதைக் குறிவைத்து மருந்து ஏற்றிய ஆன்டிபாடி, இருமுனை ஆன்டிபாடி, கார்-டி செல், தடுப்பூசி, ஏன், மலச்சிக்கல் மாத்திரைகூட வரிசையில் நிற்கின்றன. இலக்கு ஒன்று என்பதால் எல்லாம் ஒரே தரம் என்று நினைத்துவிடக் கூடாது. இவற்றுக்குள் வேறுபாடு மிகப் பெரியது. சிலவற்றை மறந்துவிடலாம், ஒன்றை மட்டும் தீவிரமாக விசாரிக்கலாம் என்பது என் கணிப்பு. அதற்கான காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

முதலில் இந்த ஏற்பி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். இதன் மதிப்பே அந்த இடத்தில்தான் இருக்கிறது. சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து மலக்குடல் வரை குடலின் உட்சுவரை மூடியிருக்கும் செல்களுக்கு வாசல்பக்கம், கொல்லைப்பக்கம் என்று இரண்டு பக்கங்கள் உண்டு. உணவும் மலமும் போகிற தெரு வாசல்பக்கம். இரத்தக் குழாய்கள் ஓடுவது கொல்லைப்பக்கம். ஒட்டிக்கட்டிய வீடுகள் போல அடுத்தடுத்த செல்கள் இறுகப் பிணைந்திருப்பதால் கொல்லை வழியாக வருகிற ஒன்று வாசலுக்குப் போக முடியாது. ஜிசிசி இருப்பது வாசலில். ஆகவே நரம்பில் ஏற்றிய ஆன்டிபாடி ஆரோக்கியமான குடலைப் பெரிதாகத் தொடாமல் போய்விட வேண்டும். புற்றுநோய்ச் செல்லுக்கோ இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. அது கல்லீரலிலோ நுரையீரலிலோ போய்க் குடியேறும்போது ஏற்பியையும் தன்னோடு எடுத்துப் போகிறது. அங்கே அது இரத்தத்துக்கு நேராகத் திறந்து கிடக்கிறது. பெருங்குடல் புற்றுநோய்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில், பரவிய கட்டிகள் உட்பட, இந்த ஏற்பி தொடர்ந்து இருக்கிறது. புற்றுநோயில் இவ்வளவு பொதுவாகவும் உடலின் பிற இடங்களில் இவ்வளவு அரிதாகவும் இருக்கும் இலக்கு கிடைப்பது அபூர்வம்.

இதன் இயல்பான வேலை நீர் மேலாண்மை. குடலே சுரக்கும் குவானைலின் (1992இல் கண்டறியப்பட்டது), யூரோகுவானைலின் (1993) என்ற இரண்டு சிறு ஹார்மோன்கள் இதில் வந்து ஒட்டும். செல்லுக்குள் சைக்ளிக் ஜிஎம்பி என்ற மூலக்கூறு பெருகும், குளோரைடு வெளியேறும், அதன் பின்னால் தண்ணீர் போகும். அந்த ஹார்மோன்களுக்கு முன்பே இந்த ஏற்பியை நமக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு கிருமிதான். ஒரு வகை ஈ.கோலை பாக்டீரியாவின் நச்சு இதே ஏற்பியில் ஒட்டிக்கொண்டு குழாயைத் திறந்துவிடுகிறது. பயணிகளைப் படுத்தும் வயிற்றுப்போக்கு பல நேரங்களில் அதன் வேலை. ஏற்பியின் மரபணு 1990இல் பிரித்தெடுக்கப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சந்தியா விஸ்வேஸ்வரய்யா இதைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவருபவர். புற்றுநோய்ப் பக்கத்தில் நீண்ட காலம் உழைத்தது பிலடெல்பியாவில் தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் வால்ட்மன் குழு.

ஜிசிசிக்கு முன்னால் கேட்க வேண்டியவை

புதிய ஆய்வைத் தேடி ஓடுகிறவர்களில் சிலரிடம் பழைய பரிசோதனையே முழுமையாக இருப்பதில்லை. திசுப் பரிசோதனை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ‘மிதமாக முதிர்ந்த அடினோகார்சினோமா’ என்ற வரி இருக்கும். சிகே20 பாசிட்டிவ், சிகே7 நெகட்டிவ், சிடிஎக்ஸ்2 பாசிட்டிவ் என்று சாயமேற்றிப் பார்த்த விவரம் இருக்கலாம். கட்டி குடலிலிருந்து வந்ததுதானா என்று உறுதிசெய்ய அவை உதவும். ஆனால் சிகிச்சையைத் தீர்மானிப்பவை வேறு நான்கு: ராஸ் மரபணுக்கள், பிராஃப், ஹெர்2, டிஎன்ஏ பழுதுபார்ப்புக் குறைபாடு எனப்படும் எம்எஸ்ஐ நிலை. இந்த நான்கும் அறிக்கையில் இல்லாமல் ஜிசிசி ஆய்வைப் பற்றிப் பேசுவது வீண்.

காரணம் இருக்கிறது. பரவிய நோயில் எம்எஸ்ஐ உயர்நிலை காணப்படுவது சுமார் 5 விழுக்காட்டினருக்கு மட்டுமே. ஆனால் அவர்களுக்குப் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து கீமோவைவிட வெகுவாக மேலானது. கீநோட்-177 ஆய்வில் நோய் மீண்டும் வளரத் தொடங்கும்வரையிலான இடைநிலைக் காலம் கீமோவில் 8.2 மாதம், இதில் 16.5 மாதம். பிராஃப் வி600இ மாற்றம் இருந்தால் என்கோராஃபெனிபும் செடுக்ஸிமாபும் சேர்ந்து உண்டு. ஹெர்2 மிகுந்திருந்தால் டுகாடினிபும் ட்ராஸ்டுசுமாபும். அமெரிக்காவில் அது 2023 ஜனவரியில் அனுமதி பெற்றது. ராஸ் மரபணுக்களில் ஒன்றான கேராஸில் வரும் ஜி12சி என்ற குறிப்பிட்ட மாற்றத்துக்குச் சோடோராசிபும் பானிடுமுமாபும் 2025 ஜனவரியில் வந்தன. இவை ஒவ்வொன்றும் சிறு கூட்டத்துக்கானவை. அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருக்கிறீர்களா என்று தெரியாமலே முதற்கட்ட ஆய்வுக்குப் போவது, இருக்கிற சாவியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பூட்டை உடைக்கப் புறப்படுவதுதான்.

எந்த மாற்றமும் இல்லாத பெரும்பான்மையினருக்கு மூன்றாம் வரிசையில் இருப்பவை மூன்று. ட்ரைஃப்ளூரிடின்-டிபிராசில் மாத்திரையோடு பெவாசிசுமாப் ஊசி, ஃப்ருக்வின்டினிப், ரெகோராஃபெனிப். முதலாவதை நான் மேலே வைப்பேன். சன்லைட் என்ற ஆய்வில் 492 பேர் கலந்துகொண்டார்கள். மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டவர்களில் பாதிப்பேர் 7.5 மாதத்தைத் தாண்டினார்கள். பெவாசிசுமாபையும் சேர்த்துக்கொண்டவர்களில் பாதிப்பேர் 10.8 மாதத்தைத் தாண்டினார்கள். இந்தக் கட்டத்து நோயில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கூடுதல் வாழ்வு சாதாரணமல்ல. 28 நாள் சுற்றில் முதல் 5 நாளும், பிறகு 8ஆம் நாள் முதல் 12ஆம் நாள் வரையும் காலை மாலை மாத்திரை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி. முக்கியத் தொல்லை வெள்ளணுக்கள் குறைவது. ஃப்ருக்வின்டினிப் (ஃப்ரெஸ்கோ-2 ஆய்வில் 7.4 மாதம், போலி மாத்திரையில் 4.8) அதற்கு அடுத்தது. ரெகோராஃபெனிப் 2012இலிருந்து இருக்கிறது, அதன் ஆதாயம் சிறிது (6.4 மாதம், போலி மாத்திரையில் 5.0), உள்ளங்கையும் உள்ளங்காலும் தோலுரிந்து எரிவது அதன் பெயரோடு ஒட்டிக்கொண்ட கெட்ட பெயர். குறைந்த அளவில் தொடங்கி வாரா வாரம் ஏற்றிக்கொண்டு போனால் தாக்குப்பிடிப்பவர்கள் அதிகம்.

இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஜிசிசி பக்கம் வர வேண்டும். எதோடு ஒப்பிடுகிறோம் என்பது தெரியாமல் எந்த ஆய்வின் வாக்குறுதியையும் எடைபோட முடியாது.

மருந்து ஏற்றிய ஆன்டிபாடி: வந்த வழி சரி, கொண்டுவந்தது தவறு

ஜிசிசியில் போய் ஒட்டும் ஆன்டிபாடியின் முதுகில் ஒரு நச்சு மருந்தைக் கட்டி அனுப்புவது முதலில் எடுக்கப்பட்ட வழி. செல் அதை உள்ளிழுத்துக்கொள்ளும், உள்ளே போனதும் நச்சு கழன்று செல்லைக் கொல்லும். டகேடா நிறுவனத்தின் இன்டுசாடுமாப் வெடோடின் அப்படி ஒன்று. முதற்கட்ட ஆய்வில் அளவு நிர்ணயிக்கப்பட்டது. வெள்ளணுக்கள் கடுமையாகச் சரிந்ததுதான் அளவை ஏற்றவிடாமல் தடுத்தது. பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பெருங்குடல் நோயாளிகள். ஆனால் நம்பிக்கை தரும் அறிகுறி தென்பட்டது இரைப்பைப் புற்றுநோயில்! ஆகவே இரண்டாம் கட்டம் இரைப்பை, கணையம் பக்கம் போனது. அங்கும் கட்டி சுருங்கியவர்கள் மிகச் சிலரே. கதை அதோடு முடிந்தது.

ஏன் தோற்றது என்பதற்கு நான் நம்பும் விளக்கம் இது. வெடோடின் என்ற அந்த நச்சு, செல் பிரியும்போது உருவாகும் நுண்குழல்களைத் தாக்கும் வகை. மார்பகப் புற்றுநோயில் கொடிகட்டிப் பறக்கும் டாக்சேன்களும் அதே நுண்குழலைத்தான் தாக்குகின்றன. பெருங்குடல் புற்றுநோயில் டாக்சேன்கள் வேலை செய்வதில்லை என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சங்கதி. முகவரி சரியாக எழுதிய உறைக்குள் அந்த வீட்டில் யாரும் படிக்காத மொழியில் கடிதம் வைத்தாயிற்று.

அடுத்த முயற்சியில் நச்சை மாற்றினார்கள். டிஏகே-164 என்ற மருந்து டிஎன்ஏவையே சேதப்படுத்தும் மிக வலுவான ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தது. பெருங்குடல் செல் அதற்கு அஞ்சும் என்பது உண்மைதான்; கல்லீரலும் அஞ்சியது. கல்லீரல் பாதிப்பின் காரணமாக அந்த ஆய்வு முதற்கட்டத்திலேயே நின்றது. கல்லீரலில் ஏற்கெனவே கட்டிகளைச் சுமந்துகொண்டிருக்கும் நோயாளிகளுக்கு அது தாங்க முடியாத விலை.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு நன்கு பழக்கமான கீமோ இரினோடெகான். அது டோபோஐசோமெரேஸ் என்ற நொதியைத் தடுக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த நச்சைச் சுமக்கும் ட்ராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான், ஹெர்2 மிகுந்த எந்த உறுப்பின் திடக்கட்டிக்கும் தரலாம் என்று அமெரிக்காவில் 2024 ஏப்ரலில் அனுமதி பெற்றது. ஜிசிசி ஆன்டிபாடியில் அந்த வகை நச்சை ஏற்றினால் கதை மாறலாம். ஆகவே யாராவது ‘ஜிசிசி ஆன்டிபாடி-மருந்து ஆய்வு’ என்று ஒன்றைக் காட்டினால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, முதுகில் என்ன மருந்து? வெடோடின் வகை என்றால் எனக்கு ஆர்வமில்லை. டோபோஐசோமெரேஸ் வகை என்றால் உட்கார்ந்து பேசலாம்.

இருமுனை ஆன்டிபாடி

ஒரு முனை புற்றுச் செல்லின் ஜிசிசியையும் மறுமுனை, நோயெதிர்ப்புப் படையின் கொல்லும் வீரனான டி செல்லின் மேலுள்ள சிடி3 என்ற புரதத்தையும் பிடித்து இரண்டையும் முட்டவிடும் மருந்து. நோயாளியின் செல்லை எடுத்து ஆய்வகத்தில் வளர்க்க வேண்டாம், புட்டியிலிருந்து எடுத்து ஏற்றிவிடலாம் என்பது இதன் கவர்ச்சி. ஃபைசரின் பிஎஃப்-07062119 எலிகளில் அழகாக வேலை செய்தது. மனிதர்களில் முதற்கட்டத்தைத் தாண்டவில்லை. பெருங்குடல் கட்டிகளுக்குள் பெரும்பாலும் டி செல்களே அதிகம் எட்டிப்பார்ப்பதில்லை. ஆள் இல்லாத இடத்தில் தரகர் என்ன செய்வார்? இப்போதைக்கு இந்த வழிக்காகக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கார்-டி: உண்மையில் விசாரிக்க வேண்டியது

கார்-டி சிகிச்சையில் நோயாளியின் இரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுத்து, குறிப்பிட்ட இலக்கை அடையாளம் காணும் செயற்கை ஏற்பியை அவற்றில் பொருத்தி, பெருக்கி, மீண்டும் ஏற்றுகிறார்கள். இரத்தப் புற்றுநோய்களில் இது நிலைபெற்றுவிட்டது. மும்பை ஐஐடியிலும் டாடா நினைவு மருத்துவமனையிலும் உருவான நெக்ஸ்கார்19 இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அது சிடி19 என்ற இலக்குக்கானது; ஆன்டிபாடிகளை உருவாக்கும் பி செல்களின் மேல் இருப்பது அந்தச் சிடி19. பெருங்குடல் புற்றுநோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தியாவில் கார்-டி வந்துவிட்டது என்ற செய்தியைப் பார்த்துவிட்டு மருத்துவமனை வாசலில் நிற்பவர்களுக்கு இந்த ஒரு வரி பயன்படும்.

திடக்கட்டிகளில் கார்-டி தடுமாறுவதற்குப் பெரிய காரணம் இலக்குதான். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நல்ல எச்சரிக்கை. சிஇஏ என்ற புரதத்தைக் குறிவைத்த, மரபணு மாற்றிய டி செல்களை மூன்று பெருங்குடல் நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். ஒருவருக்குப் பரவிய கட்டி சுருங்கியது. ஆனால் மூவருக்குமே கடுமையான குடல் அழற்சி வந்தது. சிஇஏ ஆரோக்கியமான குடல் செல்களிலும் இருக்கிறது. டி செல்லுக்கு நல்லது கெட்டது தெரியாது. வாசல்பக்கம் ஒளிந்திருக்கும் ஜிசிசி இதைத் தவிர்க்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு எந்த அளவுக்கு நிறைவேறியது? சீனாவில் நடந்த ஜிசிசி19கார்டி முதற்கட்ட ஆய்வின் முடிவு 2024இல் ஜாமா ஆன்காலஜி இதழில் வெளியானது. குறைந்தது இரண்டு வரிசைச் சிகிச்சை தோற்ற 15 பேர். அவர்களில் 6 பேருக்கு, அதாவது 40 விழுக்காட்டினருக்கு, கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. குறைந்த அளவு செல் பெற்ற 8 பேரில் இருவர். அதைப்போல் இரு மடங்கு பெற்ற 7 பேரில் நால்வர். மூன்றாம் வரிசை மாத்திரைகளில் கட்டி சுருங்குவது ஒற்றை இலக்க விழுக்காட்டில் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த எண் நிமிர்ந்து உட்காரவைக்கும். 15 பேர்தான், ஒப்பிட வேறு குழு கிடையாது, உடல் தாங்கக்கூடியவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்படிப் படித்த பிறகும் இது வெறும் பேச்சாகத் தெரியவில்லை.

இந்தத் தயாரிப்பில் ஒரு தந்திரம் உண்டு. ஜிசிசியைத் தேடும் செல்களோடு சிடி19ஐத் தேடும் கார்-டி செல்களையும் சேர்த்து ஏற்றுகிறார்கள். இரத்தத்தில் ஏராளமாக இருக்கும் பி செல்களை இரண்டாவது கூட்டம் உடனே கண்டுபிடித்துச் சண்டையைத் தொடங்கிவிடும். அந்தக் கலவரத்தில் ஜிசிசி செல்களும் உசுப்பேறிப் பெருகும். திடக்கட்டியில் கார்-டி செல்கள் பெருகாமல் சோர்ந்துபோவதற்கு இது ஒரு விடை. விலையாக நோயாளி தன் நல்ல பி செல்களையும் இழக்கிறார். தொற்றுகளைத் தாங்கும் திறன் அதனால் குறையும். நம் ஊர்த் தண்ணீரும் மழைக்காலமும் தெரிந்தவர்கள் இதை அற்பமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பக்கவிளைவில் இரண்டைக் கவனிக்க வேண்டும். டி செல்கள் சைட்டோகைன் என்ற அழற்சிப் புரதங்களை ஒரேயடியாகக் கொட்டுவதால் வரும் காய்ச்சல், இரத்த அழுத்தச் சரிவு ஆகியவை பங்கேற்றவர்களுக்கு வந்தன, பெரும்பாலும் மிதமாக. மற்றது வயிற்றுப்போக்கு. அது ஏறக்குறைய எல்லோரையும் பிடித்தது, பலருக்குக் கடுமையாக. வாசல்பக்கம் பாதுகாப்பானது என்ற கோட்பாடு முழு உண்மையல்ல என்பதை இது காட்டுகிறது. ஆன்டிபாடி என்பது இரத்தத்தோடு மிதந்துபோகும் மூலக்கூறு. டி செல்லோ தானாக நகரும், திசுக்களுக்குள் நுழைந்து தேடும். இருந்தும் சிஇஏ ஆய்வில் மூன்றே பேரோடு நிற்க வேண்டியிருந்ததுபோல இங்கே நிற்கவில்லை. ஸ்டீராய்டு கொடுத்துச் சமாளிக்க முடிந்தது.

ஆகவே என் ஒப்பீட்டில் ஜிசிசி வழிகளில் கார்-டி தெளிவாக முன்னால் நிற்கிறது. ஆனால் யாருக்கு? இந்தக் கேள்வியில்தான் பல குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. எல்லா மருந்தும் தீர்ந்த பிறகு கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். செல்லைப் பிரித்தெடுக்க, தயாரிக்க, ஏற்ற வாரங்கள் ஆகும். அதுவரை நோய் பொறுத்திருக்க வேண்டும். நடமாடி, தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலையில் இருப்பவரையே ஆய்வில் சேர்ப்பார்கள். மஞ்சள் காமாலை வந்த பிறகு சேர்க்க மாட்டார்கள். இரண்டாம் வரிசைக் கீமோ நடக்கும்போதே விசாரிப்பதுதான் உரிய நேரம். அப்போது கட்டியின் திசுத்துண்டு பத்திரமாக இருக்கிறதா என்று மருத்துவமனையின் நோயியல் துறையில் கேட்டு வைக்கலாம். ஜிசிசி இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக் குழு அதைக் கேட்கும். சாதாரண அறிக்கையில் ஜிசிசி இருக்காது. அறிக்கையில் உள்ள சிடிஎக்ஸ்2 ஒரு மறைமுகக் குறிப்பு; ஜிசிசி மரபணுவை இயக்கும் புரதங்களில் அது ஒன்று. சிடிஎக்ஸ்2 நெகட்டிவ் என்று வந்திருந்தால் ஜிசிசியும் குறைந்திருக்க வாய்ப்புண்டு என்று எதிர்பார்த்துக்கொள்ளலாம்.

ஆய்வுக் குழுவிடம் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் பளபளப்பானவை அல்ல. செல் எடுத்ததிலிருந்து ஏற்றும்வரை எத்தனை நாள், இடையில் நோய் வளர்ந்தால் கீமோ தரலாமா, தயாரிப்பு தோற்றால் என்ன செய்வீர்கள்? ஏற்றிய பின் எத்தனை நாள் அந்த ஊரிலேயே தங்க வேண்டும், கூட எத்தனை பேர்? மருந்துக்குப் பணம் கேட்கிறார்களா? முறையான முதற்கட்ட ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பெருந்தொகை கேட்டுக்கொண்டு ‘ஆய்வு’ என்று சொல்கிறவர்களிடம் ஆய்வுப் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் எழுந்து வந்துவிடலாம். எண் இருந்தால் பொதுப் பதிவேட்டில் அதே நாளில் சரிபார்க்கலாம்.

வெளிநாட்டுக்குப் போய்ச் சேர வசதியோ உடல்வலுவோ இல்லாதவர்கள் எதையோ இழந்துவிட்டதாக மருக வேண்டியதில்லை. 10.8 மாதம் என்பது 492 பேரிடம் ஒப்பீட்டுக் குழுவோடு நிரூபணமான எண். 40 விழுக்காடு என்பது 15 பேரிடம் கண்ட எண். முதலாவது வீட்டருகே கிடைக்கும், மாத்திரையை வீட்டிலேயே சாப்பிடலாம். 75 வயதுக்காரர், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு என்றால் நான் தயங்காமல் அதையே சொல்வேன். 45 வயது, நன்றாக நடமாடுகிறார், கட்டிகள் மெதுவாக வளர்கின்றன, போய்வர வழியுண்டு என்றால் கார்-டி ஆய்வைக் கட்டாயம் விசாரிக்கச் சொல்வேன்.

அறுவை முடிந்தவர்களுக்கு

நோய் பரவாமல் குடலோடு நின்று, அறுத்து எடுக்கப்பட்ட இரண்டாம் நிலை நோயாளிகளின் முடிவு வேறு: கீமோ வேண்டுமா, வேண்டாமா? இங்கும் ஜிசிசி ஒரு காலத்தில் போட்டியில் இருந்தது. நிணநீர்க் கணுக்களில் ஜிசிசி இருக்கக் கூடாது. மைக்ரோஸ்கோப்பில் சுத்தமாகத் தெரியும் கணுவில் ஜிசிசியின் ஆர்என்ஏ கிடைத்தால் கண்ணுக்குத் தெரியாத புற்றுச் செல் ஒளிந்திருக்கிறது என்று பொருள். 2009இல் வால்ட்மன் குழு ஜாமா இதழில் வெளியிட்ட ஆய்வில் 257 பேர். ஜிசிசி இல்லாத 32 பேரில் நோய் திரும்பியது இருவருக்கு. இருந்த 225 பேரில் 47 பேருக்கு, அதாவது 20.9 விழுக்காடு.

வேறுபாடு உண்மையானது. ஆனால் எண்களை மறுபடி பாருங்கள். பரிசோதித்தவர்களில் 87.5 விழுக்காட்டினர் ‘பாசிட்டிவ்’. அவர்களில் ஐந்தில் நால்வருக்கு ஆய்வு முடியும்வரை நோய் திரும்பவில்லை. அத்தனை பேருக்கும் கீமோ கொடுக்கவா? முடிவெடுக்க உதவாத துல்லியம் அது. இப்போது அந்த இடத்தை இரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏ பரிசோதனை பிடித்துக்கொண்டுவிட்டது. ஆஸ்திரேலியாவை மையமாகக் கொண்ட டைனமிக் ஆய்வில் (2022) 455 இரண்டாம் நிலை நோயாளிகள் பங்கேற்றார்கள். டிஎன்ஏவைப் பார்த்து முடிவெடுத்த குழுவில் 15 விழுக்காட்டினரே கீமோ பெற்றார்கள். வழக்கமான முறையில் 28 விழுக்காட்டினர். இரண்டு ஆண்டுகளில் நோயின்றி இருந்தவர்கள் 93.5, 92.4 விழுக்காடு, கிட்டத்தட்ட சமம். கீமோ பெறுபவர்களின் பங்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆகவே இங்கே ஜிசிசி கணுப் பரிசோதனையைத் தேட வேண்டாம்.

நோய் திரும்பாமல் தடுக்க ஜிசிசி தடுப்பூசியும் உண்டு. முதற்கட்டத்தில் 10 பேருக்குப் போடப்பட்டது, பாதுகாப்பாக இருந்தது, சிலருக்கு டி செல் எதிர்வினை எழுந்தது. ஊசியைச் சுமந்துபோனது ஏடி5 என்ற சளிக்காய்ச்சல் வைரஸ். அதற்கு ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் உள்ளவர்களிடம் தடுப்பூசி எடுபடவில்லை. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அந்த எதிர்ப்பாற்றல் மிகப் பலருக்கு உண்டு. அந்தத் தடையைத் தாண்ட வைரஸின் உறையை மாற்றிய அடுத்த பதிப்பை உருவாக்கினார்கள். அறுவை முடிந்தவர் இன்று இதை நம்பி எதையும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மாத்திரை போட்டுத் தடுத்துவிடலாமா?

இணையத்தில் அதிகம் ஆசைகாட்டும் வழி இதுதான். குவானைலின் ஹார்மோன் பெருங்குடல் கட்டி உருவாகும் தொடக்கத்திலேயே மறைந்துபோகிறது. ஏற்பி மட்டும் ஹார்மோனின்றி வெறுமனே காத்திருக்கிறது. அப்படியானால் வெளியிலிருந்து அதைத் தட்டி எழுப்பினால் கட்டி வளராமல் தடுக்கலாமே என்பது வால்ட்மன் குழுவின் வாதம். ஈ.கோலை நச்சு அதிகம் பரவும் நாடுகளில் பெருங்குடல் புற்றுநோய் குறைவு என்று 2003இல் அவர்கள் எழுதியதும் நினைவுக்கு வரும். அந்த நாடுகளில் உணவு, வயது, கண்டறியும் வசதி எல்லாமே வேறு என்பதால் அதை நான் சுவையான ஊகமாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். இந்த ஏற்பியைத் தூண்டும் லினாக்ளோடைடு 2012இல் மலச்சிக்கலுக்கு அனுமதி பெற்றது, பிளெகனடைடு 2017இல். எலிகளில் இவ்வகை மருந்துகள் பாலிப்களை, அதாவது பின்னால் புற்றாக மாறக்கூடிய குடல்சுவர் முளைகளை, குறைத்தன.

மனிதர்களில் புற்றுநோயைத் தடுத்ததாக இன்றுவரை நிரூபணம் இல்லை. தடைக்கும் காரணம் அந்த இடமே. வாய்வழி மருந்து தெருவழியாகத்தான் வர வேண்டும். சிறுகுடலிலேயே பெரும்பகுதி செரித்துச் சிதைந்துவிடுகிறது. கட்டி அதிகம் வரும் கடைசிப் பகுதிக்குப் போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. எளிதில் சிதையாதபடி வடிவமைத்த டோல்கனடைடு என்ற மருந்துகூட ஆரோக்கியமானவர்களின் மலக்குடலில் ஏற்பியை எழுப்பவில்லை. ஏற்பியை ஆயுள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பதும் தீங்கற்றதல்ல. நார்வேயில் ஒரு குடும்பத்தின் 32 பேருக்கு இந்த ஏற்பியின் மரபணுவில் ஒரு பிறவி மாற்றம். ஏற்பி தேவைக்கு மேல் இயங்கியது. பிறந்தது முதல் வயிற்றுப்போக்கு, சிலருக்குக் குடல் அழற்சி நோய். 2012இல் அது பதிவானது.

குடும்பத்தில் பலருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருந்து, லிஞ்ச் குறைபாடு (டிஎன்ஏ பழுதுபார்க்கும் மரபணுவில் பரம்பரையாக வரும் பிழை) உறுதியானவர்களுக்குத் தடுப்பு மாத்திரை என்று ஒன்று இருக்கிறதென்றால் அது ஆஸ்பிரின். கேப்2 ஆய்வில் 861 பேர்; நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் எடுத்துக்கொண்ட குழுவில் பிற்பாடு புற்றுநோய் வந்தது 9 விழுக்காட்டினருக்கு, போலி மாத்திரைக் குழுவில் 13 விழுக்காட்டினருக்கு. இரைப்பைப் புண், இரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு அது ஆகாது என்பதால் டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும். மற்றவர்களுக்கு, அமெரிக்கப் பரிந்துரைப்படி, 45 வயதிலிருந்து கொலனோஸ்கோப்பி. பாலிப் தென்பட்டால் அந்தக் குழாய் வழியாகவே வெட்டி எடுத்துவிடுவார்கள். லினாக்ளோடைடை மலச்சிக்கலுக்கு டாக்டர் எழுதித் தந்திருந்தால் மலச்சிக்கலுக்காகச் சாப்பிடுங்கள்.